எனக்குக் குளிரவில்லை

அலிகாண்டே கடற்கரை, ஸ்பெயின்
11 அக்டோபர் 1987

அன்புள்ள மேவிஸுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது. படியிறங்கும்போது கைப்பிடியை விடாதே.

இதை பால்கனியில் உட்கார்ந்து, சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுதுகிறேன். அக்டோபர் மாதத்தில், மேவிஸ். கோட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவேயில்லை. ஐஸ் ஃபாக்டரியில் முப்பத்தெட்டு வருஷம் விறைத்துக்கொண்டு நின்றவனுக்கு இப்படி ஒரு வெயில் காத்திருந்தது என்று முன்பே தெரிந்திருந்தால் பாதியிலேயே வேலையை விட்டிருப்பேன்.

கீழ்வீட்டில் ரெஜ், டோரீன் என்று கோவென்ட்ரிக்காரர்கள் இருக்கிறார்கள். வந்து நாலு வருஷம் ஆகிறதாம். இரண்டு பேரும் செப்புக்காசு நிறத்தில் இருக்கிறார்கள். நேற்று முனையில் இருக்கும் பாரிலிருந்து உனக்கு ஃபோன் போட்டேன். நீ 'யாரு' என்று கேட்டு முடிப்பதற்குள் காசு தீர்ந்துவிட்டது. இனி கடிதம்தான்.

வீட்டைச் சீக்கிரம் விற்றுவிடு. ஏஜென்டோடு மல்லுக்கு நிற்காதே. கிறிஸ்துமஸுக்கு நீ இங்கே இருக்க வேண்டும். டீத்தூள் நிறையக் கொண்டு வா. இங்கே டீ என்று கொடுப்பது சாயம்போன துணியை அலசிய தண்ணீர்.

அன்புடன்,
வில்ஃப்


கிரிம்ஸ்பி, இங்கிலாந்து
27 அக்டோபர் 1987

அன்புள்ள வில்ஃப்,

கடிதம் வந்தது. முழங்கால் எப்போதும் போலத்தான், புதிதாக ஒன்றும் இல்லை. உனக்கு வெயில் ஒத்துக்கொண்டதில் சந்தோஷம். தொப்பி போட்டுக்கொள். உன் தலையில் முடி இல்லை என்பதை அந்த ஊர்ச் சூரியன் கண்டுபிடித்துவிடும்.

ரொட்டி அறுக்கிற கத்தியை ஏன் எடுத்துக்கொண்டு போனாய்? இரண்டு வாரத்துக்கு மேலாக ரொட்டியைப் பிய்த்துத் தின்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஏஜென்டின் ஆள் வந்து வாசலில் போர்டு நட்டான். வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சமையலறை ரொம்பப் பழசு மேடம். வாங்கறவங்க இதை இடிச்சுத் தள்ளிட்டுத்தான் குடி வருவாங்க" என்றான். "நான் இன்னும் உள்ளதான் நிக்கிறேன் தம்பி" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. இங்கே நின்றுதான் நான் உனக்கு இத்தனை வருஷம் சமைத்தேன். ஜன்னல் வழியாகத் துறைமுகத்து கிரேன் ஒன்று தெரியுமே, அதைப் பார்த்துக்கொண்டே.

அங்கே சமையலறைக்கு ஜன்னல் இருக்கிறதா? வீடு விற்கிறவர்கள் அன்றைக்கு ஹோட்டலில் ஸ்லைடு போட்டுக் காட்டியபோது பால்கனியை மட்டும்தான் காட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல தேவாலயத்து மணிக்கூண்டுக்கு மணி அடிக்கப் போனேன். ஆறு மணிகள், கயிறு இழுக்க ஆறு பேர். நாலாவது கயிறு இனி எனக்கேதானாம், மணியடிக்கிற குழுவின் கேப்டன் சொல்லிவிட்டார்.

நன்றாகச் சாப்பிடு.

மேவிஸ்


அலிகாண்டே
15 நவம்பர் 1987

அன்புள்ள மேவிஸுக்கு,

நான் நலம். நீயும் அப்படியே என்று நினைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உன் கடிதத்தில் பாதி ரொட்டிக் கத்தியைப் பற்றித்தான் இருந்தது.

இந்த ஊர்க்காரர்களை என்ன சொல்வது. மத்தியானம் இரண்டு மணிக்குக் கடையை அடைத்தால் ஐந்து மணிக்குத்தான் திறக்கிறார்கள். நாலு ஆணி வாங்கப் போனவன் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ராத்திரி பதினொன்றுக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட்டலுக்கு வருகிறார்கள். கேஸ் சிலிண்டர் வண்டிக்காரன் தெருவில் நின்று கத்துவான். அந்த நிமிஷம் நான் குளித்துக்கொண்டிருந்தால் அந்த வாரம் பச்சைத் தண்ணீர்தான்.

டெலிபோன் கேட்டு ஆபீசுக்குப் போனோம். ரெஜ்தான் மொழிபெயர்த்தான்.

"அடுத்த வருஷம் குடுப்பாங்களாம்."

"அடுத்த வருஷம் எப்பன்னு கேளு."

"கேட்டுட்டேன். வருஷம் முழுக்க இருக்கேங்கறார்."

அதற்கு ரெஜ் சிரிக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படிக்கட்டு கழுவுகிற என்கார்னா என்னைக் கண்டாலே துடைப்பத்தால் என் காலைத் தட்டித் தூக்கச் சொல்கிறாள். நீ வந்தால் அவளிடம் பேசிச் சரிப்படுத்துவாய். நீ வந்தால் சரியாகிவிடும் என்று நான் ஒதுக்கி வைத்திருக்கிற விஷயங்கள் நிறைய.

வீட்டு விற்பனை என்ன ஆயிற்று? போர்டு நட்டதற்கு மேல் ஒரு வரிகூட இல்லை. மணிக்கூண்டில் கயிறு இழுக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல். அது என்ன பெரிய வேலை.

அன்புடன்,
வில்ஃப்


கிரிம்ஸ்பி
9 டிசம்பர் 1987

வில்ஃப்,

இங்கே எல்லாம் சௌக்கியம். உனக்கு இருமல் வந்ததா? நீ எழுதமாட்டாய் என்று தெரியும், அதனால் கேட்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. அன்று காலையில் மணி அடிக்க ஆறு பேர் வேண்டும், இருப்பதே ஆறு பேர். கயிறு இழுப்பது பெரிய வேலையா என்று கேட்டிருக்கிறாய். உன்னைவிடக் கனமான வெண்கல மணியைத் தலைகீழாக நிறுத்தி, மற்ற ஐந்து மணிகளுக்கு நடுவில் என் முறை வரும்போது, முன்னேயும் இல்லாமல் பின்னேயும் இல்லாமல் விழவைக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் கற்றுக்கொண்டேன். நீ ஒரு நாள்கூட வந்து கேட்டதில்லை. நம் வீட்டுக் கொல்லையில் நின்றாலே கேட்கும்.

வீட்டைப் பார்க்க யாரும் வரவில்லை.

கம்பளிக் காலுறையும் டீத்தூளும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். காலுறை தேவையில்லை என்றால் ரெஜ்ஜுக்குக் கொடு.

சமையலறைக்கு ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டிருந்தேன்.

மேவிஸ்


அலிகாண்டே
4 ஜனவரி 1988

மேவிஸுக்கு,

புது வருஷம். உடம்பு நன்றாக இருக்கிறது, மனசைப் பற்றிக் கேட்காதே.

கிறிஸ்துமஸ் சாப்பாடு ரெஜ் வீட்டில். பன்னிரண்டு பேர், அத்தனை பேரும் ஜோடி, என்னைத் தவிர. லீட்ஸ்காரி ஒருத்தி மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "உங்க மனைவி வர்றாங்க வர்றாங்கன்னு அக்டோபர்லேர்ந்து சொல்றீங்களே, அப்படி ஒருத்தர் நிஜமாவே இருக்காங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுவாரம் ஒரு கை நிறையக் காசை மாற்றிக்கொண்டு பாருக்குப் போய் ஏஜென்டுக்கு ஃபோன் போட்டேன். மூன்று மாதமாக ஒரு ஆளைக்கூடக் கூட்டிவர முடியாதவன் என்ன ஏஜென்ட் என்று நான்கு வார்த்தை கேட்கத்தான். அவன் ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "சார், மேடம் நவம்பர்லயே போர்டை எடுக்கச் சொல்லிட்டாங்களே. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம்."

பாரில் இருந்தவர்கள் முன்னால் நான் "ஆமா ஆமா, மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

யாரும் வரவில்லை என்று எழுதினாயே. டிசம்பரில், உன் கையால். நாற்பத்தொரு வருஷத்தில் நீ என்னிடம் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. நான் என்ன குற்றம் செய்தேன்? குடித்தேனா, அடித்தேனா? உனக்கும் சேர்த்துத்தானே ஒரு நல்ல இடம் பார்த்தேன். என்னை இந்த ஊரில் நாலு பேர் சிரிக்கும்படி உட்கார வைத்துவிட்டு நீ அங்கே மணி அடிக்கிறாய்.

பதில் எழுது. காலுறை, டீத்தூள் எல்லாம் வேண்டாம். பதில்.

வில்ஃப்


கிரிம்ஸ்பி
15 ஜனவரி 1988

வில்ஃப்,

நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன், இதைப் படித்து முடித்த பிறகும்.

நான் பொய் சொல்லவில்லை. போர்டு இல்லாத வீட்டைப் பார்க்க யார் வருவார்கள்? ஆனால் போர்டை எடுத்துவிட்டேன் என்று எழுதாதது என் தப்பு. எழுத உட்கார்ந்த போதெல்லாம் கோபத்தில் தாளைக் கிழித்துப் போட்டேன். இப்போதும் கோபம்தான், ஆனாலும் எழுதுகிறேன்.

அந்த ஹோட்டல் ராத்திரியை நினைத்துப் பார். ஸ்லைடு போட்டார்கள், இலவசமாக ஒயின் கொடுத்தார்கள். முடிந்ததும் நான் கோட்டு எடுத்துவரப் போனேன். திரும்பி வந்தால், வெள்ளை சூட் போட்ட அந்த வீடு விற்கிறவன் உன் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருக்கிறான். என்னைப் பார்த்து, "வாழ்த்துகள் மேடம், இனிமே உங்களுக்கு வெயில்தான்" என்றான். ஒரு கோட்டு எடுத்து வருகிற நேரத்தில் என் மிச்ச வாழ்க்கை முடிவாகிவிட்டது. வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் நீ சந்தோஷத்தில் பேசிக்கொண்டே வந்தாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தூக்கம் வருகிறது என்று நீ நினைத்தாய்.

பிறகு உன் பிரிவுபசார விருந்து. ஃபாக்டரி ஆட்கள் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, "நானும் மேவிஸும் ஸ்பெயினுக்குப் போறோம்" என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள். நான் சாண்ட்விச் தட்டை ஏந்திக்கொண்டு நடுவில் நின்றேன். அந்தத் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிரித்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய்.

நீ குளிரில் நின்றது எனக்குத் தெரியாதா? எத்தனை ராத்திரி உன் பாதங்களை என் கால்களுக்கு நடுவில் வைத்துச் சூடேற்றியிருக்கிறேன். உனக்கு வெயில் வேண்டும், அது நியாயம். ஆனால் எனக்குக் குளிரவில்லை, வில்ஃப். ஒருநாளும் குளிர்ந்ததில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு வேகவைத்து, ஆவியில் முகம் வெந்துபோய் நின்றவள் நான். பின்கதவைத் திறந்து மழைக்காற்று முகத்தில் அடித்தால் அதுதான் எனக்குச் சொர்க்கம். நீ வேலையை விட்டு வெயிலுக்குப் போக ஆசைப்பட்டாய். நான் வேலையை விட்டு அடுப்பிலிருந்து தள்ளிப்போக ஆசைப்பட்டேன். என்னை எங்கே கூட்டிப்போகிறாய்? திரும்பவும் சூட்டுக்கு. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. சமையலறைக்கு ஜன்னல் இருக்கிறதா என்று நான் கேட்டேன், இரண்டு தடவை. அதற்கும் பதில் இல்லை.

வீட்டை விற்கமாட்டேன். நானும் வரமாட்டேன். இது உன் மேல் அன்பில்லாமல் எழுதுவது இல்லை. ஆனால் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

மேவிஸ்


கிரிம்ஸ்பி
20 பிப்ரவரி 1988

வில்ஃப்,

ஐந்து வாரம் ஆயிற்று. கோபமாக இருந்தால் கோபமாக இருக்கிறேன் என்று எழுது. உயிரோடு இருக்கிறாயா இல்லையா என்று தபால்காரன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நேற்று அவனே பாவப்பட்டு, "இன்னிக்கும் கரண்டு பில்லுதாங்க" என்றான்.

ஒரு அஞ்சலட்டை போதும். 'இருக்கிறேன்' என்று ஒரு வார்த்தை.

மேவிஸ்


அலிகாண்டே
28 பிப்ரவரி 1988

மேவிஸுக்கு,

இருக்கிறேன். ஜலதோஷம்கூட இல்லை. நீ கவலைப்பட்டாய் என்று தெரிந்ததில் சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் திட்டுவாய், ஆனாலும் அதுதான் உண்மை.

உன் ஜனவரிக் கடிதம் வந்த அன்றே அதை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போனேன். நியாயம் கேட்கத்தான். நாற்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தினவனுக்கு இப்படி எழுதுகிறாளே என்று, ரெஜ்ஜுக்கும் டோரீனுக்கும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ரெஜ் நடுநடுவே உச்சுக்கொட்டினான். டோரீன் பின்னிக்கொண்டிருந்த ஊசியைக் கீழே வைத்தாள்.

"அந்த ஹோட்டல் விஷயத்த இன்னொரு தடவ படிங்க" என்றாள்.

படித்தேன்.

"என்னையும் இவரு கேக்கல" என்றாள்.

ரெஜ்ஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்ன டோரீன் இது? நாலு வருஷமா நல்லாத்தானே இருக்கே?"

"நல்லாத்தான் இருக்கேன். நீ கேட்டியான்னுதான் கேக்கறேன்."

"கால்வாய்ப் பக்கம் நடந்து போனப்ப சொன்னேனே."

"சொன்னே. கேக்கல."

அதோடு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து ரெஜ் மத்தியானச் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்கு வருகிறான். இரண்டு பேருக்கும் டின் பீன்ஸ். நீ ஒரே ஒரு கடிதம் எழுதினாய், இங்கே இரண்டு வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவன் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, நான்தான் அவன் வீட்டில் கொள்ளி வைத்தேன் என்பது போல.

சமையலறைக்கு ஜன்னல் இல்லை. போதுமா? குழாய்கள் போகிற ஒரு பொந்துப் பக்கமாகச் சின்னக் கதவு இருக்கிறது. திறந்தால் ஏழு வீட்டுப் பூண்டு வாசனை வரும். நான் வந்து இறங்கிய அன்றுதான் எனக்கே தெரியும். அந்த வெள்ளைச் சூட்டுக்காரன் இப்போது கையில் கிடைத்தால் விடமாட்டேன்.

ஆனால் திரும்பி வரமாட்டேன், மேவிஸ். ஏன் என்று சொல்கிறேன். என் கைதான் காரணம். ஐஸில் விறைத்துப்போன விரல்கள் மடங்காமல், நீதான் தினமும் எனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவாய். நவம்பரிலிருந்து நானே போட்டுக்கொள்கிறேன். காலையில் விரல் பத்தும் மடங்குகிறது, விரிகிறது. இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். எழுதினால் இனி நீ தேவையில்லை என்று சொல்வது போல இருக்குமோ என்று எழுதவில்லை. பொத்தானைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நீ தேவை. அதற்கு என்ன வழி என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

வில்ஃப்


கிரிம்ஸ்பி
8 மார்ச் 1988

வில்ஃப்,

நான் நலம். இங்கே பனி உருகித் தெரு முழுக்கச் சேறு.

என் கடிதத்தை ஊரார் முன்னால் சத்தமாகப் படித்தாயா? அதிலும் பாதத்தைச் சூடேற்றிய விஷயத்தையுமா? உனக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கிறதா? பத்து நிமிஷம் சமையலறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். டோரீனுக்கு என் அன்பைச் சொல். ரெஜ்ஜுக்குச் சொல்லாதே.

உன் கையைப் பற்றி எழுதிய பக்கத்தை மூன்று தடவை படித்தேன். சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். ஆனால் அதை எழுத நாலு மாதமா? நான் போர்டை மறைத்தேன், நீ பொத்தானை மறைத்தாய். இதில் நான் மட்டும் பொய்க்காரியாம்.

ஈஸ்டர் மணியை அடித்துவிட்டு, ஏப்ரல் ஒன்பதாம் தேதி வருகிறேன். குடிவர இல்லை. பார்க்க வருகிறேன். என் சொந்தப் பணத்தில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மே ஏழாம் தேதி திரும்புகிறேன். அதுவும் எடுத்தாகிவிட்டது. இடைப்பட்ட நாளில் திரும்பிப் போகாதே என்று ஒரு தடவை சொன்னாலும் அன்றே பெட்டியைக் கட்டிவிடுவேன்.

மேவிஸ்


அலிகாண்டே
17 மார்ச் 1988

மேவிஸுக்கு,

கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறேன்.

சொந்தப் புருஷன் வீட்டுக்கு வருகிறவள் தேதி போட்டுத் திரும்பிப் போகும் டிக்கெட்டோடு வருகிறாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? ரெஜ்ஜிடம் சொன்னேன். "டோரீன் போறதுக்கு மட்டும்தான் எடுத்திருக்கா, கோவென்ட்ரிக்கு" என்றான்.

மெத்தைக்குப் புது விரிப்பு வாங்கியிருக்கிறேன், நீலம். சமையலறைக்குள் நீ போக வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். ஜூலையில் இங்கே மண்டை பிளக்கிற வெயிலாம். நான் அங்கே வந்தால் உனக்குத் தொந்தரவா?

விமான நிலையத்தில் நிற்பேன்.

வில்ஃப்


கிரிம்ஸ்பி
12 மே 1988

அன்புள்ள வில்ஃப்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். முழங்கால் வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தது. மூக்குத் தோல் உரிந்துகொண்டிருக்கிறது. மணிக்கூண்டில் எல்லோரும் என்னைத் தக்காளி என்று கூப்பிடுகிறார்கள்.

ஒன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் ஊர்க் கோயிலில் மணியை மின்சாரத்தில் அடிக்கிறார்கள். ஒரு கிழவர் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். வெட்கமாக இல்லையா? அன்றைக்கு நான் கோயில் வாசலில் வைத்துக் கத்தியதற்கு நீ ஏன் மன்னிப்புக் கேட்டாய் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

மற்றபடி, ஒப்புக்கொள்கிறேன், கடல் நன்றாக இருக்கிறது. ஆரஞ்சு நன்றாக இருக்கிறது. என்கார்னா நல்லவள், நானும் அவளும் சேர்ந்து படிக்கட்டைக் கழுவும்போது அவள் பாட்டுக்கு அவள் மொழியில் உன்னைத் திட்டினாள், நான் என் மொழியில் திட்டினேன், இரண்டு பேருக்கும் நன்றாகவே புரிந்தது. நீ சமைத்த முட்டையை இனி யாருக்கும் கொடுக்காதே. டோரீன் இங்கே வந்து ஒரு வாரம் தங்கப்போகிறாள். ரெஜ் இப்போது அவளுக்குத் தினமும் கடிதம் எழுதுகிறானாம், இரண்டு வரி. அவளும் பதில் போடுகிறாள், ஒரு வரி.

அங்கே குடியிருக்க எனக்கு ஆசை வரவில்லை. நாலு வாரமும் தேடிப் பார்த்தேன், வரவில்லை. ஜூலையில் நீ இங்கே வருவதில் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மழை பெய்யும், முணுமுணுக்காதே.

விமானம் ஏறப் போகிறபோது, அத்தனை பேர் பார்க்க, தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நீ கேட்டது என் காதில் விழுந்தது. "அடுத்த வருஷமும் வர இஷ்டமா மேவிஸ்? கட்டாயமில்ல. சும்மா கேக்கறேன்." நான் திரும்பிப் பார்க்காமல் போனேன். கோபத்தில் போகிறேன் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. நாற்பத்தொரு வருஷமாக வராத கேள்வி அந்த இடத்தில் வந்தால் ஒருத்தி என்ன பதில் சொல்வாள்? ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போடத் தெரியாமல் தடுமாறினேன். பக்கத்தில் இருந்த பெண்தான் போட்டுவிட்டாள்.

பதில் இப்போது சொல்கிறேன். வருகிறேன்.

அதற்கடுத்த வருஷத்துக்கும் இதையே பதிலாக எடுத்து வைத்துக்கொள்ளாதே. அப்போதும் கேள்.

மேவிஸ்